பிந்தாமல் வருகை தரவும்

நாற்பது பேருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னால் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும் வேலையை, ஒரு கிழமை மினக்கெட்டுக் கணினியைக் கொண்டு செய்விப்பவனுக்குத்தான் எங்கள் தொழிலில் கெட்டிக்காரன் என்று பெயர். நானும் ஒருகாலத்தில் அப்படியொரு கெட்டிக்காரனாக இருந்தவன்தான். அந்தக் கெட்டித்தனத்தால் என் அக்காவின் கலியாணம் குழம்பப் பார்த்தது. என் பெரியம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தியதும் அதனால்தான். (இரண்டாவதால் எனக்குப் பெரிய நட்டமில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அப்பா வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். அக்கா தர்சினி பல் வைத்தியர். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், பிழை தேடும் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் கஷ்டப்பட்டு எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருவார்கள். (ஒரு யாழ்ப்பாணத்தானுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உலகத்தில் உண்டா?)

அந்தப் பிரிவிலிருந்து மேலே போக வேண்டுமென்றால் 'கொண்டெய்னர்' வேலை தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். கொழும்பில் கொண்டெய்னர் என்றால் துறைமுகத்தில் அடுக்கியிருப்பதைத்தான் யாரும் நினைப்பார்கள். அம்மாவும் கொஞ்சக் காலம் சொந்தக்காரருக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். இது வேறு. ஒரு மென்பொருளை, அதற்கு வேண்டிய சட்டிமுட்டிகளோடு ஒரு பெட்டிக்குள் குடிவைத்தால் அது கொண்டெய்னர். இப்படிப் பல பெட்டிகளைக் கட்டி மேய்க்க ஒரு மேற்பார்வை மென்பொருள் இருக்கும். எல்லாம் சேர்ந்தது கிளஸ்டர். அந்த மேற்பார்வைக்காரரிடம் ஒரு விசேஷ குணம் உண்டு. எந்தப் பெட்டியாவது மயங்கி விழுந்தால், ஏன் விழுந்தாய் என்று கேட்கமாட்டார். தட்டி எழுப்பி, "தொடங்கு" என்பார். திரும்ப விழுந்தால் திரும்ப எழுப்புவார். அவருக்கு நித்திரை இல்லை, சலிப்பு இல்லை, வெட்கம் இல்லை. இதைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது எனக்குப் புல்லரித்தது.

பெரிய நிறுவனங்கள் இதை நூற்றுக்கணக்கான கணினிகளில் ஓடவிடுகின்றன. என்னிடம் இருந்தது ஒரு பழைய லெப்டொப். அதன் 'எஸ்' எழுத்து அமர்த்தினால் இரண்டு தரம் விழும். பரவாயில்லை, ஒரே கணினியை மூன்று கணினிகள் என்று நம்பவைத்துவிடலாம் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். நானும் நம்பவைத்தேன். அதற்கு ஒரு கிழமை பிடித்தது. பெட்டிகளைத் தரவிறக்கியதில் மாதத்துக்கான இணையம் பாதியில் முடிந்து, அப்பாவின் இரவுச் செய்தி வட்டமாகச் சுற்றிக்கொண்டு நின்றது. லெப்டொப்பின் காற்றாடி போட்ட சத்தத்தில், கடலோர ரயில் போவதே எங்களுக்குக் கேட்காமல் போனது. அம்மா ஒருமுறை ஈரத்துவாயை மடித்து அதன்மேல் போட வந்தார். நல்ல காலம், நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

கடைசியில் ஒரு நாள், திரையில் எல்லாப் பெட்டிகளும் ஓடுகின்றன என்று வந்தது. நான் குசினிக்கு ஓடினேன்.

"அம்மா, ஓடுது! ஓடுது!"

"எங்க? எங்க ஓடுது?" அம்மா வீடு கூட்டும் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டார். "கதவைச் சாத்தடா, சாமியறைக்குள்ள போயிடும்!"

ஓடுகிற கிளஸ்டர் கையில் இருந்தது. அதற்குச் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவின் எழுத்து வந்தது.

எழுத்து என்றால் பதிவுத் திருமணம். பதிவாளரை வீட்டுக்கு வரவழைத்து, இரு பகுதியிலும் நெருங்கிய சொந்தக்காரர் மட்டும் கூடி, கையெழுத்து வைத்து, மோதிரம் மாற்றிச் சாப்பிடுவது. மாப்பிள்ளை கஜன் அத்தான் கொட்டாஞ்சேனை. அவருடைய அப்பா தில்லைநாதன் மாமாவுக்கு அங்கே இரும்புச் சாமான் கடை. நல்ல மனுசன். வாய் நிறையச் சிரிப்பார், கை நிறையக் கொடுப்பார். ஒரேயொரு குறை, எங்கே போனாலும் பிந்தித்தான் போவார். தன் சொந்தக் கலியாணத்துக்கே பிந்தி வந்தவர் என்று மாமியே சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி, ஏழு மணிக்கு மேல்தான் வந்தார்கள். அதற்குள் அம்மாவின் ரோல்ஸ் மூன்று முறை சூடாகி, மாமாவின் கடையில் விற்கக்கூடிய பதத்துக்கு வந்துவிட்டது.

எழுத்து ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டுக்குப் பிறகு என்று முடிவாகி எல்லோருக்கும் சொல்லியாயிற்று. புதன்கிழமை பின்னேரம் தில்லைநாதன் மாமா அப்பாவுக்குப் போன் எடுத்தார். அவர்களுடைய சாத்திரியார் இன்னொருமுறை கணித்துப் பார்த்தாராம். காலை ஒன்பதரைக்குத்தான் சுபநேரம். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதால், அதற்கு முன்னர் கையெழுத்து விழுந்துவிட வேண்டும்.

போனை வைத்ததும் அம்மா தலையில் கைவைத்தார். "ஒன்பதரைக்கோ? அவையள் வந்து சேரப் பத்தரை ஆகுமேயப்பா!"

"அதை நான் எப்பிடி அவரிட்டச் சொல்லுறது?" என்றார் அப்பா. "சம்மந்தி எல்லோ. நேரத்துக்கு வாங்கோ எண்டு சொன்னா, பிந்தி வாற ஆள் எண்டு சொன்ன மாதிரி இருக்கும்."

"எல்லாருக்கும் போற பொதுவான மெசேஜில ஒரு சொல்லுப் போட்டுவிடலாமே" என்றேன் நான். "தனக்குத்தான் எண்டு அவருக்குத் தெரியவராது. நேரம் மாறினதையும் எல்லாருக்கும் சொன்ன மாதிரி இருக்கும். நான் என்ட கிளஸ்டரில போடுறன் அப்பா."

அப்பா என்னை முதன்முறையாக ஒரு பொறுப்புள்ள ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். (அதுவே கடைசி முறையும்.)

செய்தியை அப்பாவே எழுதினார். 'தயவுசெய்து' நல்லதா, 'தயைகூர்ந்து' நல்லதா என்று ஒரு தேத்தண்ணி முடியும்வரை யோசித்தார். முடிவான வாசகம் இதுதான்: "அன்புடையீர், எமது மகளின் பதிவுத் திருமணச் சுபநேரம் வெள்ளி காலை 9.30 ஆக மாற்றப்பட்டுள்ளது. தயவுசெய்து பிந்தாமல் வருகை தரவும்."

"பதிவாளர் ஐயாவுக்கும் இதிலயே போகும்தானே?" என்று கேட்டார் அப்பா.

"எல்லாருக்கும் போகும் அப்பா."

"முதல் ஆளாச் சம்மந்தியாருக்குப் போகவேணும். அதுதான் மரியாதை. அவருக்குப் பிறகு பதிவாளர். பிறகு மற்றவை."

"சரி அப்பா."

"நாளைக்கு மூண்டு மணி வரைக்கும் ராகுகாலம். அது கழிச்சு நாலு மணிக்கு அனுப்பு."

"நேரத்தைச் சொல்லிவிட்டா அதுவே அனுப்பும் அப்பா. நான் பக்கத்தில இருக்கத் தேவையில்லை."

செய்தி அப்பாவின் பெயரில்தான் போக வேண்டும். ஆகவே அவருடைய வாட்ஸ்அப்பை என் லெப்டொப்போடு இணைத்தேன். செய்தி அனுப்ப ஒரு பெட்டி. அதற்கு இன்னாருக்கு அனுப்பு என்று வேலை சொல்ல ஒரு பெட்டி போதும். ஆனால் நான் மூன்று வைத்தேன். ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் தாங்கும், மூவரும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பங்குபோடச் சொல்லி யாராவது சொன்னால்தானே போடுவார்கள்? அதை நான் சொல்லவில்லை. பரிசோதனையாக அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தேன். போனது. அந்தப் பரிசோதனையைக் கிளஸ்டருக்கு வெளியே வைத்துத்தான் செய்தேன் என்பதை அப்போது நான் ஒரு விஷயமாக எடுக்கவில்லை. பிழை தேடுவதற்கே சம்பளம் வாங்குகிறவன் நான்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா ஒரு பெரிய பெட்டி நிறையப் பயத்தம் பணியாரமும் முறுக்கும் அடுக்கி, கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றார். நான் எல்லாப் பெட்டிகளையும் ஓடவிட்டேன். மூடியைச் சாத்தினாலும் தூங்கிவிடக்கூடாது, யாராவது நிற்பாட்டினாலும் திரும்பத் தொடங்கும்போது கிளஸ்டரும் தானாகவே தொடங்க வேண்டும் என்று லெப்டொப்புக்குக் கட்டளை கொடுத்துவிட்டு ஓட்டோ ஏறினேன்.

மாமாவின் வீட்டு முன் ஹோலில் என்னை நடு செற்றியில் இருத்தினார்கள். மாமி நெல்லிக் கிரஷ் கொண்டுவந்து தந்தார். மாமா எதிரே சாய்கதிரையில் இருந்தார். அவருடைய போன் பக்கத்து ஸ்டூலில், திறந்த சத்தத்தோடு இருந்தது. செய்தி வந்தால் கோயில் மணி அடிக்கும்.

நாலு மணிக்குக் கோயில் மணி அடித்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"அட, உங்கட அப்பா" என்று மாமா கண்ணாடியைப் போட்டுச் சத்தமாக வாசித்தார். "நேரத்தை மாத்தச் சொன்னதே நான்தான், எனக்கும் அனுப்பியிருக்கிறார். முறை தெரிஞ்ச மனுசன்."

அவர் முடிக்க முன்னரே இன்னொரு மணி அடித்தது. பின்னாலேயே மற்றொன்று.

"மூண்டு தரம் வந்திருக்கு" என்றார் மாமா. சிரித்தார். "கை பட்டிருக்கும். எனக்கும் உப்பிடி நடக்கிறதுதான்."

சிறிது நேரம் கழித்து மேலும் மூன்று. அவற்றின் பின்னால் இன்னும் மூன்று. மாமாவின் சிரிப்பு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சுருங்கியது. மாமி குசினி வாசலில் வந்து நின்றார்.

நான் நெல்லிக் கிரஷ் கிளாஸைக் கீழே வைத்தேன். என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. என் பெட்டி முதல் ஆளுக்குச் செய்தியை அனுப்புகிறது. அனுப்பியாயிற்று என்று ஒரு கோப்பில் குறித்துவைக்கப் போகிறது. கிளஸ்டருக்குள் அந்தக் கோப்புக்கு நான் இடம் ஒதுக்கவில்லை. எழுத இடமில்லாமல் பெட்டி மயங்கி விழுகிறது. மேற்பார்வைக்காரர் தட்டி எழுப்பி, தொடங்கு என்கிறார். அது பாவம், முதலிலிருந்து தொடங்குகிறது. முதல் ஆள் யார்? அப்பாவின் மரியாதைக்குரிய சம்மந்தியார். இப்படி மூன்று பெட்டிகளும்.

"நெட்வேர்க் பிரச்சினையா இருக்கும் மாமா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மற்றவையிட மெசேஜ் ஒழுங்காத்தானே வருது" என்று மாமா போனை எடுத்தார். "பொறும், அப்பாட்டயே கேப்பம்." அப்பாவுக்கு அழைப்பு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"சம்மந்தியார்!" என்றது அப்பாவின் குரல், மகிழ்ச்சியாக.

"உங்கட மெசேஜ் வந்தது."

"மிச்சம் சந்தோசம். நல்லா யோசிச்சுத்தான் போட்டனான். ஒவ்வொரு சொல்லும் கவனமா வாசிச்சியளோ?"

"வாசிச்சன். ஒன்பது தரம் வாசிச்சன்."

அப்பா ஒரு கணம் நெகிழ்ந்துபோனார். தன் வசனத்துக்கு இப்படியொரு வாசகன் கிடைப்பான் என்று அவர் நினைத்திருக்கவில்லை. "அப்ப நான் சொல்லவந்த விசயம் உங்களுக்கு நல்லா விளங்கியிருக்கும்" என்றார்.

"விளங்கிட்டுது" என்று மாமா போனை வைத்தார். வைத்த கையோடு கோயில் மணி மூன்று முறை அடித்தது.

"ஒரு அவசரக் கோல் மாமா" என்று சொல்லிவிட்டு நான் தெருவுக்கு ஓடினேன். ஜன்னலுக்குக் கீழே நின்று வீட்டுக்குப் போன் எடுத்தேன். அம்மா எடுத்தார்.

"அம்மா, என்ட லெப்டொப்பை உடன நிப்பாட்டுங்கோ!"

"ஐயோ, நான் அதைத் தொடமாட்டன். தர்சினிக்கு ரெண்டு கையிலும் மருதாணி போட்டிருக்கு. அப்பா பாத்ரூம். நீ வந்து நிப்பாட்டு."

"நான் வாறதுக்குள்ள கலியாணம் நிண்டுபோயிடும்! வலது பக்கம் மேல ஒரு பட்டன் இருக்கு. அதை அமத்திப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

அம்மா முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே அமர்த்திப் பிடிப்பது கேட்டது. "நிண்டிட்டுது தம்பி. சத்தமில்லை." ஜன்னலுக்கு உள்ளேயும் சத்தமில்லை. நான் சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா மறுபடியும் கதைத்தார். "சரியா நிண்டிட்டுதோ எண்டு பாக்கத் திரும்ப ஒருக்கா அமத்தினனான். லைட் பத்துது. பரவாயில்லையோ?"

இங்கே மேற்பார்வைக்காரரின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பெட்டி ஓயாமல் விழுந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் அதை எழுப்ப முன்னர் கொஞ்சம் கூடுதல் நேரம் பொறுத்திருப்பார். என் பெட்டிகளும் அப்படித் தணிந்து, இடைவெளி விட்டு வரத் தொடங்கியிருந்தன. இப்போது லெப்டொப் புதிதாகத் தொடங்கியதால் பழைய கணக்கெல்லாம் அழிந்துபோனது. பெட்டிகள் குளித்து முழுகிப் புதுத் தெம்போடு வேலைக்கு வந்தன. ஜன்னலுக்குள் மணி அடித்த வேகத்தைக் கேட்டு, தெருவில் போன ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

"என்னடா அங்க?" என்று போனில் அக்காவின் குரல் வந்தது. அம்மா அவளுடைய காதருகே போனைப் பிடித்திருக்க வேண்டும்.

நான் கிளஸ்டரைப் பற்றி, பெட்டிகளைப் பற்றி, எழுத இடமில்லாத கோப்பைப் பற்றியெல்லாம் விளக்கினேன். அக்கா இடைமறித்தாள்.

"இன்டர்நெட் இல்லாட்டி அது அனுப்புமோ?"

"அனுப்பாது."

"பிறகென்ன கதை?" ஏதோ இழுபடும் சத்தம், ஒரு 'டக்'. "வைஃபைப் பிளக்கைக் காலால கழட்டிட்டன். கையைக் காலை ஆட்டாமல் ரெண்டு மணித்தியாலமா இருக்கிறன், நீ வேற."

ஒரு கிழமை கிளஸ்டருக்குள்ளேயே கிடந்து எழும்பிய எனக்கு அந்தப் பிளக் நினைவுக்கு வரவே இல்லை.

நான் உள்ளே போனபோது மாமா போனை நிற்பாட்டி, ஸ்டூலில் கவிழ்த்து வைத்திருந்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார். "ஒண்டும் கதைக்க வேண்டாம் தம்பி. தில்லைநாதன் பிந்தி வாறவன் எண்டு ஊர் கதைக்கிறது எனக்கும் தெரியும். ஆனா உப்பிடி முகத்தில அடிச்சு ஒருத்தரும் சொன்னதில்லை. அப்பாட்டச் சொல்லும், நாளைக்குக் காண்பம் எண்டு."

நாளைக்குக் காண்பம் என்பதற்கு வருவோம் என்றும் பொருள் கொள்ளலாம், வரமாட்டோம் என்றும் கொள்ளலாம். ஓட்டோவில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை நான் இரண்டாவதையே கொண்டேன்.

வீட்டில் அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் தன் போனை எடுத்து, சம்மந்தியாருக்குப் போனவற்றைப் பார்த்தார். விரலால் மேலே தள்ளினார். இன்னும் தள்ளினார். முடிவே வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தள்ளினார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, "ஒரு எழுத்துப் பிழையும் இல்லை பார்" என்றார், சோகமாக.

மாமாவின் போன் நிற்பாட்டியே கிடந்தது. அப்பா கஜன் அத்தானுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னார். "நானும் சொல்லிப் பாக்கிறன் மாமா" என்றார் அத்தான். "ஆனா அப்பா இப்ப ஒருத்தரோடயும் கதைக்கிறார் இல்லை. சுவர் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்." அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா மருதாணிக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் ஹோலில், நிலத்தில் படுத்துக்கொண்டேன்.

விடிய முன்னர், பால்காரன்கூட வராத நேரத்தில் வாசல் மணி அடித்தது. சாரமும் கிழிந்த பெனியனுமாக நான் எழும்பிக் கதவைத் திறந்தேன்.

பட்டு வேட்டி, சால்வை, சந்தனப் பொட்டோடு தில்லைநாதன் மாமா நின்றார். அவருக்குப் பின்னால் மாமி. அவருக்குப் பின்னால் கஜன் அத்தான், கண் முழுக்க நித்திரையோடு கோட் சூட்டில். அவருக்கும் பின்னால் மாடிப்படி முழுவதும், தட்டுகளை ஏந்திய கொட்டாஞ்சேனை.

"பிந்தேல்லைத்தானே?" என்றார் மாமா.

அம்மா தலை நிறைய எண்ணெயோடு சாமியறையிலிருந்து வந்து, "ஐயோ" என்று தொடங்கி, "வாங்கோ" என்று முடித்தார். அப்பா ஒரு கன்னம் மழித்தபடி, மற்றக் கன்னத்தில் நுரையோடு வந்து கும்பிட்டார். "நல்ல நேரம்... நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கிறியள்." வாடகைக் கதிரைகள் எட்டு மணிக்குத்தான் வரும். பெண்கள் கட்டில்களில் இருந்தார்கள். ஆண்கள் சுவர் நீளத்துக்கு நின்றார்கள். மாமா நடு ஹோலில் நான் மடிக்காமல் விட்ட பாயில் சம்மணம் கொட்டி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு அமர்ந்தார்.

ஆனால் கோபத்தோடு ஒருவரால் எவ்வளவு நேரம்தான் பாயில் இருக்க முடியும்? ஆறரைக்கு மாமி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அம்மாவோடு தேங்காய் துருவத் தொடங்கிவிட்டார். ஏழு மணிக்கு மாமா, மாவிலை கட்டிய கயிறு சரிந்து கிடப்பதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், "உது எந்த விசரன் அடிச்ச ஆணி?" என்று எழும்பினார். (அடித்தது நான்.) கதிரைகள் வந்தபோது, அவற்றை அடுக்கச் சொல்லி விரட்டிக்கொண்டு நின்றவர் மாமாதான். தணிந்த கோபத்தைக் கிளறப் பயந்து, செய்திக் கதையை அவரிடம் யாரும் எடுக்கவில்லை.

ஒன்பது மணியானது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வீடு நிறையச் சனம் இருந்தது, ஆனால் எங்கள் பகுதியில் ஒருவரும் இல்லை. தெஹிவளைப் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"இப்பதான் தலை முழுகப் போறன்" என்றார் பெரியம்மா. "பன்ரண்டுக்குத்தானே?"

முதல் ஆளுக்கு அடுத்த ஆளிடம் என் பெட்டி ஒருநாளும் போகவே இல்லை என்பது, அந்த ஈரத்தலை வாக்கியத்தில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. முதல் நாள் முழுக்க மாமாவை நினைத்துப் பயந்ததில் மற்றவர்களை யாருமே நினைக்கவில்லை. இரண்டாவது ஆள் யார்? பதிவாளர்! அவருக்குப் போன் எடுத்தேன். அடித்தது, அவர் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். அதுவும் இல்லை.

நான் நின்ற நிலையைப் பார்த்து மாமா கிட்ட வந்தார். "என்ன தம்பி, பேயடிச்ச மாதிரி?"

"பதிவாளர் ஐயாவுக்கு நேரம் மாறினது தெரியாது மாமா."

மாமா என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். "வீடு எங்க?"

"பாமன்கடை."

"பிடி ஓட்டோவை. நானும் வாறன்."

"மல்லி, இக்மனட யமு!" என்று மாமா சிங்களத்தில் ஓட்டோக்காரரை அவசரப்படுத்திக்கொண்டே ஏறினார். காலி வீதி வாகனங்களால் அடைத்துக் கிடந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. சந்தி விளக்கில் நின்ற இடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ஒருமுறைதான் அனுப்பச் சொன்னார், மிச்சம் எல்லாம் என்னுடைய வேலை என்றேன். மாமா வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பெட்டி விழும்" என்றார் கடைசியில்.

"ஓம் மாமா."

"விழுந்த உடன எழும்பித் திரும்ப முதல்ல இருந்து வேலை செய்யும்."

"ஓம் மாமா."

"சம்பளம்?"

"இல்லை மாமா."

மாமா பெருமூச்சுவிட்டார். "என்ட கடையில நாலு பேர் இருக்கிறாங்கள். விழுந்தா எழும்புறதே இல்லை." அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஓட்டோக்காரர் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தார். "நான் அப்பா எண்டெல்லோ நினைச்சன்! ராத்திரி நித்திரையே இல்லை. பிந்திடுவமோ எண்டு எல்லாரையும் ரெண்டு மணிக்கே எழுப்பி இருத்திப்போட்டன்!"

பதிவாளர் ஐயா சாரத்தோடு வாசலில் குந்தியிருந்து பிட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. "பன்ரண்டுக்குத்தானே?" என்று அவரும் தொடங்கினார்.

"ஐயா" என்றார் தில்லைநாதன் மாமா. "தயவுசெய்து பிந்தாமல் வாங்கோ." அந்தச் சொல்லைச் சொல்லும் தகுதி வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு வந்திருந்தது.

பதிவாளர் ஐயா கை கழுவினாரா என்று எனக்கு ஞாபகமில்லை. பதிவுப் புத்தகத்தை நான் தூக்கிக்கொண்டேன். அவர் சேர்ட்டின் பட்டன்களை ஓட்டோவுக்குள்தான் பூட்டினார், ஒன்று மாறித்தான் பூட்டினார். அக்காவும் அத்தானும் கையெழுத்து வைத்து முடித்தபோது, ராகுகாலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது. அம்மா அழுதார். மாமா சாட்சிக் கையெழுத்து வைத்துவிட்டு அப்பாவைக் கட்டிப்பிடித்தார். அப்பா எதற்கென்று தெரியாமலே திரும்பக் கட்டிப்பிடித்தார்.

பன்னிரண்டு மணிக்குப் பெரியம்மா பட்டுச்சேலையும் நகையுமாக, எங்கள் பகுதிச் சனம் முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, உள்ளே சம்மந்தி பகுதி பாயாசத்தைக் குடித்து முடித்திருந்தது. அந்த எழுத்துப் படங்களில் எங்கள் பக்கத்தில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர்தான். மிச்சம் எல்லாம் கொட்டாஞ்சேனை. பெரியம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

இப்போது நான் ஆசைப்பட்ட அந்த வேலையில்தான் இருக்கிறேன். பெரிய பெரிய கிளஸ்டர்களைக் கட்டி மேய்க்கிறேன். என் பெட்டிகள் மாதக்கணக்கில் விழாமல் நிற்கின்றன. ஒபிஸில் அதற்கு மரியாதையும் உண்டு. ஆனால் தில்லைநாதன் மாமாவின் குடும்பத்தில் எனக்கு விதிக்கப்பட்ட வேலை வேறு. அவர்கள் வீட்டில் பிறந்தநாள், பூப்பு, கலியாணம், செத்தவீட்டு அந்தியேட்டி என்று எது வந்தாலும், அதைச் சொந்தக்காரருக்குச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. போனில் இல்லை, செய்தியில் இல்லை. நேரே போய், வாயால் சொல்ல வேண்டும். மாமாவின் கண்டிப்பான உத்தரவு அது. போன மாதமும் அக்காவின் மகளுக்குக் காது குத்து என்று, கொதிக்கிற வெயிலில் கொட்டாஞ்சேனை ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்தேன். எந்த வீட்டிலும் என்னை முழுதாகச் சொல்ல விடுவதில்லை. கதவைத் திறந்து என் முகத்தைக் கண்டதுமே ஒற்றை விரலை நீட்டுகிறார்கள்.

"தம்பி, ஒருக்காச் சொன்னாப் போதும்!"